கல்லூரியும் ஊரும்: திருத்தங்கல் ஆடுகளங்களை முன்வைத்துச் சில எண்ணங்கள்

'கல்லூரி' என்னும் சொல் ஆங்கிலேயர் வருகைக்குப் பின் நமக்குக் கிடைத்த சொல் அன்று. சீவக சிந்தாமணியில் திருத்தக்க தேவர் அதனை ஆண்டுள்ளார். அச்சொல்லைப் பிரித்துப் பொருள் காண முற்படுவோர் பலவாறு கூறுவர். சொல்லாராய்ச்சி ஏற்குமோ ஏற்காதோ, 'ஊர்' என்னும் ஒலி அதனுள்ளே பொதிந்திருப்பதை மட்டும் நாம் மகிழ்ச்சியோடு எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆனால் நம் வட்டாரத்துக் கல்லூரிகளுக்குள் ஊர் இருக்கிறதா, ஊருக்குள் கல்லூரி இருக்கிறதா என்று கேட்டால் விடை அத்தனை இனிதாக இல்லை. மாலை நான்கு மணிக்குக் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக வெளியேறுகின்றன. நான்கரை மணிக்கு வளாகத்தில் எஞ்சுபவர் காவலாளியும், உடற்கல்வி இயக்குநரும், பேருந்தைத் தவறவிட்டாலும் கவலைப்படாத இருபது முப்பது மாணவர்களுமே. அந்த இருபது முப்பது பேரைப் பற்றியும், அவர்களைச் சுற்றி ஓர் ஊரையே எழுப்ப இயலுமா என்பதைப் பற்றியுமே இக்கட்டுரை பேச விழைகிறது.

தமிழ்த்துறை மலரில் ஆடுகளத்துக்கு என்ன வேலை என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். அவர்களைச் சிலப்பதிகாரத்துக்கு அழைத்துச் செல்வது நம் கடமையாகிறது. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பாண்டியர் செங்கோற் சிறப்பைக் கூறுமிடத்து ஒரு கதை வருகிறது. சேர மன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பராசரன் என்னும் அந்தணன், தங்கால் என்னும் ஊரின் அரச மரத்து மன்றத்தில் இளைப்பாறுகிறான். விளையாடிக் கொண்டிருந்த சிறுவர்கள் அவனைச் சூழ்ந்து கொள்கின்றனர். என்னோடு ஒப்ப வேதம் ஓதவல்லார் உளரோ என்று அவன் அச்சிறுவர்களைக் கேட்கிறான். வார்த்திகன் மகனான தக்கிணன், பால்மணம் மாறாத வாயால் பிழையின்றி ஓதுகிறான். பராசரன் மகிழ்ந்து அணிகலன்களைப் பரிசாக அளிக்கிறான். பின்னர் அப்பரிசே வினையாகி, வார்த்திகன் புதையல் கவர்ந்தான் என்று பழி சுமத்தப்பட்டுச் சிறைப்படுகிறான். கொற்றவை கோயிற் கதவு அடைபட்டு நிற்க, உண்மை அறிந்த பாண்டியன் தன் பிழைக்கு வருந்தி, தங்காலையும் வயலூரையும் அவனுக்கு வழங்குகிறான்.

அந்தத் தங்காலே இன்றைய திருத்தங்கல். தங்கால் பொற்கொல்லனார் என்னும் சங்கப் புலவரைத் தந்ததும், நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளுள் ஒன்றாகிய நின்ற நாராயணப் பெருமாள் கோயிலைக் குன்றின்மீது கொண்டிருப்பதும் இவ்வூரே. கட்டுரை காதையை வகுப்பில் நடத்தும்போது அரச நீதியைப் பற்றியே விரித்துரைத்துக் கடந்துவிடுகிறோம். அக்கதையின் தொடக்கத்தில் உள்ள சிறு காட்சி நம் கண்ணில் படுவதில்லை. ஒரு பொது நிழல். அதில் ஓய்வெடுக்கும் வெளியூரான். அங்கேயே விளையாடும் சிறுவர். அவ்விளையாட்டுக்கு நடுவே ஒரு தேர்வு. அவ்விடத்திலேயே ஒரு பரிசு. வெளியாரும் உள்ளூராரும், கல்வியும் ஆட்டமும் ஒரே மரத்தடியில் கூடுகின்றன. இக்காலத்தார் 'கல்லூரி நகரம்' என்று எதனைச் சுட்டுகிறார்களோ, அதன் வித்து அந்த மரத்தடியில் கிடக்கிறது.

இனி இன்றைய திருத்தங்கலுக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு சிவகாசி, திருத்தங்கல் ஆகிய இரு நகராட்சிகளும் இணைக்கப்பட்டுச் சிவகாசி மாநகராட்சி உருவாயிற்று. வானம் பார்த்த பூமி; ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். 1923ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோர் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும், அதன் பின் கிளைத்த பட்டாசும் அச்சும் இவ்வறண்ட மண்ணுக்குச் சோறு போட்டன. அத்தொழில்களின் பொருளே கல்லூரிகளாகவும் எழுந்தது. விருதுநகரில் 1947இல் செந்திக்குமார நாடார் கல்லூரியும், சிவகாசியில் 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும், திருத்தங்கல் சாலையில் 1968இல் ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரியும், 1984இல் மெப்கோ பொறியியற் கல்லூரியும் தோன்றின. வணிகர் பொருளில் கல்வி வளர்ந்த வரலாறு இஃது. நம் சமுதாயத்து வள்ளல்கள் திருச்சியில் 1951இல் ஜமால் முகம்மது கல்லூரியையும், உத்தமபாளையத்தில் 1956இல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியையும், பாளையங்கோட்டையில் 1971இல் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியையும் எழுப்பியதும் இதே வழியில்தான்.

ஆக, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சாலைக்குள் ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்களும் நாள்தோறும் பயில்கின்றனர். எனினும் விருதுநகரையோ சிவகாசியையோ திருத்தங்கலையோ கல்லூரி ஊர் என்று எவரும் அழைப்பதில்லை. பட்டாசு ஊர், அச்சு ஊர், குட்டி ஜப்பான் என்றே அழைக்கின்றனர். காரணம் யாது?

முதலாவது காரணம் பேருந்து. நம் மாணவர்கள் பெரும்பாலோர் நாள்தோறும் வந்து செல்வோர். பலருடைய வீட்டில் தாயோ தந்தையோ பட்டாசுத் தொழிற்சாலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ செல்பவர். மாலையில் வீட்டு வேலைக்குப் பிள்ளையின் கை தேவைப்படும். இரண்டாவது காரணம் சுவர். கல்லூரித் திடல் ஊரார் கண்ணில் படாதவாறு மதிலுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. மூன்றாவது காரணத்தைச் சொல்லச் சிறிது தயக்கம் உண்டு. எனினும் சொல்லவே வேண்டும். புதிய பாடப்பிரிவு கேட்டதும், புதிய கட்டடத்துக்கு நன்கொடை கிடைத்ததும், கட்டுவதற்கு இடம் தேடும் கண்கள் முதலில் சென்று நிற்பது ஆடுகளத்தில்தான். வெற்றிடம் என்று அதற்குப் பெயர் சூட்டிவிட்டால் போதும். அடுத்த ஆண்டு அங்கே தூண்கள் எழும்பிவிடும். தமிழகத்தில் கால்பந்துத் திடலின் ஒரு மூலையை உணவகத்துக்கும், மறு மூலையை வாகன நிறுத்தத்துக்கும் ஈந்துவிட்டு, எஞ்சிய சதுரத்தில் ஆண்டுக்கொரு முறை விளையாட்டு விழாப் பந்தல் போடும் கல்லூரிகள் ஒன்றிரண்டு அல்ல.

மேலை நாடுகளின் கல்லூரி நகரங்களைப் பற்றிப் பெரிதும் பேசப்படுவதால் அவற்றை ஒரு பார்வை பார்ப்பது தகும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 'ஸ்டேட் காலேஜ்' என்றே ஓர் ஊருக்குப் பெயர். மக்கள் தொகை ஏறத்தாழ 40,000. அங்குள்ள பல்கலைக்கழக அரங்கிலோ 1,06,000 பேருக்கு மேல் அமரலாம். ஊரைப்போல் இரண்டரை மடங்கு கூட்டம் ஒரு சனிக்கிழமையில் கூடுகிறது! மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆன் ஆர்பர் அரங்கு 1927இல் திறக்கப்பட்டது. அதுவும் ஒரு லட்சம் பேரைத் தாண்டுவது. ஆண்டுக்கு ஆறு அல்லது ஏழு உள்ளூர் ஆட்டங்களே. அந்நாள்களில் பழைய மாணவர்கள் குடும்பத்தோடு திரும்பி வருகின்றனர், விடுதிகள் நிரம்புகின்றன, சிற்றுண்டிக் கடைக்காரரும் சட்டை விற்பவரும் ஓராண்டு வருவாயில் பெரும்பங்கை ஈட்டுகின்றனர். இது வியப்புக்குரியதே, ஆயினும் நாம் பின்பற்றத்தக்கது என்று சொல்லமாட்டோம். பயிற்சியாளரின் ஊதியம் பேராசிரியரின் ஊதியத்தைப் பன்மடங்கு விஞ்சும் இடத்தில் எது கல்லூரி, எது காட்சிச்சாலை என்னும் ஐயம் அந்நாட்டு அறிஞர்களுக்கே எழுந்துள்ளது. மேலும், அத்தகைய அரங்கை எழுப்பும் பொருள் நம்மிடம் இல்லை. இருந்தாலும் அதனை நூலகத்துக்கும் விடுதிக்கும் செலவிடுவதே அறம்.

நமக்கு ஏற்ற எடுத்துக்காட்டு கிழக்கே இருக்கிறது. குட்டி ஜப்பான் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம் பெரிய ஜப்பானில் நடப்பதை அறிந்துகொள்வது முறைதானே. அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 2, 3 ஆகிய நாள்களில் ஹக்கோனே எக்கிடென் என்னும் தொடரோட்டம் நடைபெறுகிறது. டோக்கியோ நகரிலிருந்து ஹக்கோனே மலையூருக்கும், மறுநாள் அங்கிருந்து திரும்பியும், மொத்தம் ஏறத்தாழ 217 கிலோமீட்டர். ஓர் அணிக்குப் பத்து ஓட்டக்காரர். ஒவ்வொருவரும் இருபது கிலோமீட்டருக்கு மேலோ அதற்கு நெருங்கியோ ஓட வேண்டும். கோலுக்கு மாற்றாகத் தோளில் குறுக்கே அணியும் துணிப்பட்டை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறுகிறது. 1920இல் நான்கு கல்வி நிறுவனங்களோடு தொடங்கிய அப்போட்டியில் இப்போது 21 அணிகள் ஓடுகின்றன. புத்தாண்டு விடுமுறையில் சாலையின் இருமருங்கும் பாட்டிமாரும் பேரக் குழந்தைகளும் கொடி பிடித்து நிற்கின்றனர். தொலைக்காட்சியில் நாடே பார்க்கிறது. கவனிக்க வேண்டியது இதுதான்: அதற்கு அரங்கமே இல்லை. சாலைதான் அரங்கம். நுழைவுச் சீட்டு இல்லை. ஊர்கள் தாமே வாயிற்படியில் வந்து நின்று பல்கலைக்கழகத்தைப் பார்க்கின்றன.

தமிழகத்திலும் கல்லூரி ஊர்கள் எழுந்ததுண்டு. சிதம்பரத்தில் 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய அண்ணாமலை செட்டியார், 1929இல் அதனை உறைவிடப் பல்கலைக்கழகமாக வளர்த்தபோது, தொடர்வண்டிப் பாதைக்குக் கிழக்கே அண்ணாமலை நகர் என்னும் ஊரே பிறந்தது. பயில்வோரும் பயிற்றுவோரும் ஒரே இடத்தில் உறைந்தமையால் மாலைப்பொழுது அங்கே உயிரோடு இருந்தது. தமிழிசை இயக்கம் அம்மண்ணில் வேரூன்றியதற்கும் அம்மாலைப்பொழுதுகளே துணைநின்றன என்று நாம் கருதுகிறோம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1947இல் கலைக்கல்லூரியைத் தொடங்கினார். நடுவண் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்தார். அதன் அடிக்கல்லை 1948இல் நேரு நாட்டினார். 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வளாகத்தில் உடற்கல்விக்கெனத் தனிக் கல்லூரியே உண்டு. செட்டிநாடும் நம்மைப் போல் வறண்ட நிலமே என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவற்றினும் நமக்குப் பெரிதும் பாடமாவது தாம்பரம். சென்னை ஜார்ஜ் டவுனின் நெருக்கடியில் இருந்த கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. 350 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்டு பார்ன்ஸ் தம் துணைவியாரோடு மரக்கன்றுகளை நட்டு வளர்த்தார். வேதியியலார் செய்த வேலையைப் பாருங்கள்! தாவரவியல் துறை செய்ய வேண்டும், தோட்டக்காரர் செய்ய வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. இன்று அவ்வளாகம் ஒரு காடு. அங்கே தாமஸ், சேலையூர், ஹீபர் என்னும் மூன்று விடுதி மன்றங்கள் எழுந்தன. மன்றத்துக்கு மன்றம் ஆட்டப் போட்டி, பேச்சுப் போட்டி, நாடகப் போட்டி. எதிரணி வெளியூரிலிருந்து வரவேண்டிய தேவையே இல்லை. பக்கத்து மன்றமே எதிரணி. வளாகம் உயிர்பெற இதைவிடச் செலவு குறைந்த வழி வேறில்லை. விடுதி இல்லாத நம் கல்லூரிகளில் மன்றத்துக்கு மாற்றாகப் பேருந்துத் தடங்களையே அணிகளாக்கலாம்: இராசபாளையம் தடம், சாத்தூர் தடம், வெம்பக்கோட்டைத் தடம். நகைச்சுவையாகத் தோன்றினும், நாள்தோறும் ஒரே பேருந்தில் வரும் பிள்ளைகளிடையே உள்ள பாசம் எந்தத் துறைப் பாசத்துக்கும் குறைந்ததன்று.

ஆட்டம் என்றதும் நம் பெரியவர்களில் சிலருக்கு ஒரு தயக்கம் உண்டு. படிப்புக் கெட்டுவிடும், தொழுகை தவறிவிடும், பெண்பிள்ளைகள் திடலுக்கு வருவது முறையாகுமா என்பன அவர்தம் வினாக்கள். அவ்வினாக்களை ஏளனம் செய்யாமல் விடை காண்பதே பண்பு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு நெடுந்தொலைவும், பயிற்சி பெறாதவற்றுக்குக் குறுந்தொலைவும் வகுத்தார்கள் என்றும், குறுந்தொலைவுப் பந்தயம் ஒரு பள்ளிவாசலில் முடிவுற்றது என்றும் புகாரி நூல் தெரிவிக்கிறது. இக்காலத்து உடற்கல்வி நூல்கள் கூறும் தரம்பிரித்துப் போட்டியிடும் முறை அதில் அமைந்துள்ளதைக் காண்க. பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசல் முற்றத்திலேயே ஈட்டி விளையாட்டு ஆடியதையும், அதனை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டு மகிழ்ந்ததையும் அதே நூலில் படிக்கிறோம். நபிகளாரும் அன்னையாரும் ஓட்டப்பந்தயம் ஓடி, முதன்முறை அன்னையாரும் பின்னொரு முறை நபிகளாரும் வென்ற செய்தி அபூதாவூதில் வருகிறது. தமிழ் மரபிலும், சிலப்பதிகார வாழ்த்துக்காதையில் வரும் கந்துகவரி பெண்கள் பந்தாடுவதைப் பாடுவதே. ஆகவே பெண்கள் ஆடுவது புதுமை என்னும் வாதம் இருமரபிலும் நிற்காது. ஆடையும் இடமும் நேரமும் அவரவர் முறைப்படி அமையட்டும். அதற்காகத் திடலையே மறுப்பது எங்ஙனம் சரியாகும்?

அலிகாரை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலாது. 1869-70இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் முதலான இடங்களைக் கண்டு திரும்பிய சர் சையது அகமது கான், 1875இல் பள்ளியாகத் தொடங்கி 1877இல் கல்லூரியாக உயர்த்திய நிறுவனம், 1920இல் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே மாணவர் தங்கிப் பயின்றனர்; வகுப்பறைக்கு இணையாகக் கிரிக்கெட் திடலும் பேச்சு மன்றமும் போற்றப்பட்டன. 1889இல் குதிரையேற்றக் கழகமே ஏற்பட்டது. பிற்காலத்தில் அவ்வளாகத்து வேதியியல் ஆசிரியர் ஒருவரின் மகன், திடல்களுக்கு நடுவே வளர்ந்து, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியில் ஆடி, 1984இல் அணித் தலைவரும் ஆனார். அவரே ஜபர் இக்பால். ஆசிரியர் குடியிருப்பும் ஆடுகளமும் அருகருகே இருந்தால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

விடுதலை இந்தியாவின் முதற் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெயரால் 1956-57இல் ஒரு சுழற்கோப்பை ஏற்படுத்தப்பட்டது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் ஆண்டு முழுதும் சிறந்து விளங்கும் பல்கலைக்கழகத்துக்குக் குடியரசுத் தலைவர் அதனை வழங்குகிறார். பஞ்சாப் மண்ணின் பல்கலைக்கழகங்களே அதனைப் பெரிதும் வென்றுள்ளன. கோதுமைதான் காரணம் என்பார் உண்டு; நாம் அப்படி எண்ணவில்லை. ஊர்தோறும் மாலையில் திடலுக்குச் செல்லும் வழக்கமும், வென்ற பிள்ளையை ஊரே தூக்கிக் கொண்டாடும் மரபுமே காரணம். அதே ஆசாத் பெயரால் நம் காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கத்தார் கோடைக்காலத்தில் அகில இந்தியக் கால்பந்துப் போட்டி நடத்தி வருகின்றனர். வெளிநாட்டில் தொழில் செய்வோர் விடுமுறைக்கு ஊர் திரும்பும் காலமும் அதுவே. அஸர் தொழுகை முடித்துத் திடலுக்கு வந்து, மக்ரிப் பாங்குக்குள் ஆட்டம் முடித்துத் திரும்பும் ஒழுங்கில் தொழுகையும் தவறுவதில்லை, ஆட்டமும் தவறுவதில்லை. நமக்கு மிக அண்மையில் கோவில்பட்டி ஹாக்கியால் பெயர் பெற்றது. தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் செய்யும் ஊர், செயற்கைப் புல்தரை அமைந்து நாடு தழுவிய இளையோர் போட்டிகளுக்கு இடம் தந்துள்ளது. 2025இல் மதுரையும் சென்னையும் உலக இளையோர் ஹாக்கிப் போட்டியையே நடத்தின. ஆகவே, வெப்பு மண்ணில் விளையாட்டு விளையாது என்று எவரும் சொல்ல இடமில்லை.

இனிச் செயல்முறை. பல்கலைக்கழக விளையாட்டு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பெற்றோர் பலர் அறியார். ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் முதலில் மண்டல அளவிலும், பின்னர்க் கல்லூரிகளுக்கிடையேயும் மோதுகின்றன. நம் வட்டாரக் கல்லூரிகள் பல 1966இல் தோன்றிய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. அப்போட்டிகளில் ஒளிர்வோரைக் கொண்டு பல்கலைக்கழக அணி தேர்ந்தெடுக்கப்படுகிறது. அவ்வணி தென்மண்டலப் போட்டிக்குச் செல்கிறது. பல ஆட்டங்களில் மண்டலத்தின் முதல் நான்கு அணிகள் அகில இந்தியப் போட்டிக்குத் தகுதி பெறுகின்றன. சிற்றூரிலிருந்து வந்த ஒரு கபடி மாணவி நான்கே படிகளில் நாட்டின் மறுகோடிக்குச் சென்றுவிடலாம். வேலைவாய்ப்பிலும் உயர்கல்விச் சேர்க்கையிலும் விளையாட்டு வீரருக்கென ஒதுக்கீடுகள் உள்ளன; காவல்துறைத் தேர்வின் உடற்தகுதிக் கட்டமும் திடலில் ஓடிப் பழகியவர்க்கு எளிது. வேதிப்பொடி கலக்கும் அறைக்குத் தம் மகளை அனுப்ப விரும்பாத தாய்க்கு இவை வெறும் ஆட்டமல்ல, வேறொரு கதவு.

இப்போட்டிகளுள் ஏதேனும் ஒன்றை ஆண்டுதோறும் ஒரு கல்லூரி ஏற்று நடத்த வேண்டும். நடத்தும் கல்லூரி அணிகளுக்குத் தங்குமிடம், உணவு, குடிநீர், நடுவர், முதலுதவி அனைத்தும் காண வேண்டும். செலவு என்று இதனை ஒதுக்குவோர் உண்டு. நாமோ இதனையே ஊரைக் கல்லூரிக்குள் அழைக்கும் திருமணப் பத்திரிகை என்போம். நான்கு நாள் போட்டியில் சமையலை ஒரு தெருவும், விருந்தினர் தங்குவதை ஒரு திருமண மண்டபமும், தேநீரை வணிகர் சங்கமும் ஏற்றுக்கொண்டால், அந்த நான்கு நாள்களுக்குப் பின் அக்கல்லூரி அத்தெருவின் கல்லூரியாகிவிடும். அச்சகத் தொழிலில் நாடறிந்த ஊரில் ஆட்ட அட்டவணையும் வீரர் பெயர்ப் பட்டியலும் அச்சிட்டு வீடுதோறும் தருவது கடினமா என்ன? எதிரணி வீராங்கனையின் பெயர் தெரிந்துவிட்டால் பார்வையாளருக்கு ஆட்டத்தின் சுவையே வேறு.

திடலைப் பற்றிச் சில அளவுகள். நானூறு மீட்டர் ஓடுபாதைக்கு ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் தேவை. அஃதாவது சற்றேறக்குறைய 4 ஏக்கர். அதன் நடுவே கால்பந்துத் திடல் அடங்கும். இவ்வளவு இடம் இல்லாத கல்லூரி மனம் தளர வேண்டியதில்லை. ஆடவர் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். மகளிர்க்கு 12க்கு 8. கைப்பந்துக் களம் 18க்கு 9. ஒரு ஏக்கர் நிலத்தில் சுற்றிலும் ஓட்டம் விட்டுப் பத்துக் களங்கள் அமைக்கலாம். களங்களின் நீளவாட்டு வடக்குத் தெற்காக இருத்தல் வேண்டும்; இன்றேல் மாலைக் கதிரவன் ஓரணியின் கண்ணைக் கூசச் செய்வான். மேற்கு எல்லையில் வேம்பும் புங்கமும் நட்டால் ஐந்தாண்டில் நான்கு மணிக்கே நிழல் களத்தில் விழும். கரிசல் மண் மழையில் சேறாகிக் கோடையில் வெடிப்பது. ஆதலால் களத்துக்கு மட்டுமேனும் செம்மண் கொட்டி, நடுவில் சிறிது உயர்த்தி, நாற்புறமும் வாய்க்கால் விட வேண்டும். கட்டடக் கூரைகளின் மழைநீர் அவ்வாய்க்கால் வழியே ஒரு தொட்டியில் சேருமாயின், தை மாசி மாதங்களில் களத்துக்குத் தெளிக்கவும் மரங்களுக்கு ஊற்றவும் உதவும். அலங்கார வாயிலும் பளிங்கு மேடையும் இவற்றுக்குப் பின் வரட்டும். வாயிலில் பெயர் பொறிக்க விரும்பும் நன்கொடையாளரிடம், மின்விளக்குக் கம்பத்திலும் பெயர் பொறிக்கலாம் என்று பணிவோடு எடுத்துரைப்பது நிர்வாகத்தார் கடமை. விளக்குக் கம்பம் இரவில் பெயரை ஒளிரவும் செய்யும்!

மாலை ஐந்து முதல் ஏழு வரை திடலின் ஒரு வாயிலை ஊர் இளைஞர்க்குத் திறந்துவிடுவது அடுத்த பணி. பன்னிரண்டாம் வகுப்போடு நின்று அச்சகத்தில் வேலை பார்க்கும் இளைஞன், மதிலுக்கு வெளியே நின்று உள்ளே ஆடும் பந்தைப் பார்க்கிறான். அவன் உள்ளே வந்தால் கல்லூரிக்கு நட்டம் ஏதுமில்லை; நல்ல எதிரணி ஒன்று கிடைக்கும். அவனிடம் அடையாள அட்டை ஒன்றை அளித்து, உடற்கல்வித் துறையின் பொறுப்பில் ஆடச் செய்தால், மறு ஆண்டு அவன் மாலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் கேட்டு வருவதும் நடக்கலாம். பாதுகாப்பு, ஒழுங்கு பற்றிய அச்சம் இயல்பே. ஜமாஅத்தாரும் ஊர்ப் பெரியோரும் கொண்ட திடற்குழு ஒன்றை அமைத்து, வாரம் ஒருவர் பொறுப்பேற்றால் அவ்வச்சம் நீங்கும். மகளிர்க்கெனத் தனி நேரமும் தனித் திடலும் ஒதுக்குவதும் அக்குழுவின் கையில் இருக்கட்டும். கல்லூரிப் பேருந்துகளுள் ஒன்றையேனும் மாலை ஆறரை மணிக்கு இயக்காவிடில் மேற்கூறிய யாவும் ஏட்டுச் சுரைக்காயே. ஒரு தடத்துக்கு ஒன்று வேண்டாம். இரு திசைக்கு இரண்டு போதும். ஆறரை மணிப் பேருந்து இருந்தால் நூலகமும் ஆறு மணி வரை திறந்திருக்கும், பேச்சு மன்றமும் கூடும், தேநீர்க் கடையும் வரும்.

இறுதியாக, ஜப்பானியரிடமிருந்து நாம் கடன் வாங்க விரும்பும் தொடரோட்டம். தீபாவளிக்குப் பின் பட்டாசுத் தொழிற்சாலைகள் சில வாரங்கள் மூடப்பட்டிருக்கும். தொழிலாளர் குடும்பங்கள் வீட்டில் இருக்கும் ஓய்வுக் காலம் அது. மழை விட்ட ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு விருதுநகரில் தொடங்கி, ஆமத்தூர், திருத்தங்கல், சிவகாசி, மல்லி வழியே திருவில்லிபுத்தூர் வரை ஓடலாம். மொத்தம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். முன்னர்க் குறிப்பிட்ட கல்லூரிகள் பலவும் இவ்வழியிலோ அதனை அடுத்தோ உள்ளன. அணிக்குப் பத்துப் பேர். ஆளுக்கு நான்கைந்து கிலோமீட்டர். தோளில் துணிப்பட்டை, அதனை அந்தந்தக் கல்லூரி மகளிரே தைத்துத் தரலாம். காவல்துறையினரின் ஒப்புதலும், இரண்டு மருத்துவ ஊர்தியும், வழிநெடுகத் தண்ணீரும் வேண்டும். வேறு பெருஞ்செலவு இல்லை. ஏழரை மணியளவில் ஓட்டக்காரர் திருத்தங்கலை அடைவர். அங்கிருந்து சிவகாசி வரையிலான ஐந்து கிலோமீட்டர்ப் பகுதியை ஒவ்வோர் அணியிலும் மாணவி ஒருவரே ஓட வேண்டும் என்று விதி வகுக்கலாம். மகளிர் கல்லூரி நிற்கும் சாலை அதுவே. ஆடவர் கல்லூரிகள் அப்பகுதிக்கு அக்கல்லூரியிலிருந்தே ஒருவரைத் தம் அணியில் சேர்த்துக்கொள்ளட்டும். துணிப்பட்டை கைமாறும் இடத்தைத் திருத்தங்கலில் எங்கே வைப்பது என்பதை ஊரார் முடிவு செய்யட்டும். நிழல் தரும் அரச மரம் ஏதேனும் இருந்தால் அதன் அடியில் வைக்கலாம்.